பால் தட்டில் தோன்றும் வளையம்

சென்னையிலிருந்து கூடூர் வழியாக வடக்கே பயணம் செய்யும் நம்மவர் பலருக்குச் சூளூர்பேட்டை சாளரத்தின் வழியே கண்டு மறக்கும் ஒரு நிலையம். தெலுங்கும் தமிழும் அருகருகே ஒலிக்கும் அவ்வூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை, பழவேற்காடு ஏரியின் உப்புச் சேற்றை ஊடறுத்துச் செல்கிறது. மக்கள் அங்கே பூநாரைகளைக் காணச் செல்வர். நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரோ சேற்றையே நோக்குவார். உப்பு நீரில் பிழைக்கும் பாக்டீரியாக்களுட் சில, உப்பிலும் செயல் குன்றாத என்சைம்களைச் சுரக்க வல்லவை. ஆனால் ஒரு சிட்டிகைச் சேற்றில் வாழும் கோடிக்கணக்கான உயிர்களுள் வேண்டியதை இனங்காண்பது எங்ஙனம்? அதற்கு வழி பிறந்த வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், பாக்டீரியாக்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்க ஜெலட்டின் கூழைப் பயன்படுத்திவந்தார். அதில் இரு குறைகள் இருந்தன. உடற்சூட்டிலேயே அது உருகிவிடும். நம் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டியதில்லை. அன்றியும், சிலவகைப் பாக்டீரியாக்கள் அக்கூழையே கரைத்து உண்டுவிடும். 1881-ஆம் ஆண்டில், அவரிடம் பணிபுரிந்த வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபன்னி அம்மையார், தாம் அடுக்களையில் பழக்கூழ் இறுகுவதற்குச் சேர்க்கும் அகர்-அகரை எடுத்துக் கூறினார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்களிடம் அவர் கற்ற வழக்கம் அது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நோன்பு மாதத்தில் உண்ணும் 'கடற்பாசி'யும் அதுவே. மறு ஆண்டில் காக் வெளியிட்ட காசநோய்க் கட்டுரையில் அகர் இடம்பெற்றது. அம்மையாரின் பெயர் இடம்பெறவில்லை. இதனை நாம் சிறு குறையாகக் கருதவில்லை. மூடியுள்ள வட்டத் தட்டைப் பெட்ரி அறிமுகம் செய்தது 1887-இல்.

ஜெலட்டின் கரைந்ததும் ஒரு வகை என்சைமின் செயலே. ஆகவே முன்னர்க் குறையாயிருந்ததே பின்னர்ச் சோதனையாயிற்று. தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பை ஜாவாவில் ஆராய்ந்த ஐக்மான், 1901-இல் அகருடன் பாலைக் கலந்து தட்டில் ஊற்றினார். பாக்டீரியாக் கூட்டத்தைச் சுற்றிப் பாலின் வெண்மை மறைந்து தெளிந்த வளையம் தோன்றினால், அது புரதத்தைச் சிதைக்கும் என்சைமைச் சுரக்கிறதென்று கொள்ளலாம். மாவுப்பொருளைச் சிதைப்பதைக் காண, மாவு கலந்த தட்டில் அயோடின் ஊற்றுவர். தட்டெங்கும் கருநீலமாக, மாவு கரைந்த இடம் மட்டும் நிறமின்றி நிற்கும். இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை மொழிபெயர்க்க முற்பட்டபோது, முறத்திலிட்டுப் புடைக்கும் நம் பாட்டிமாரே நம் நினைவுக்கு வந்தனர். 'என்சைம்' என்னும் பெயரை 1877-இல் கூனே, புளித்த மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அமைத்தார். நொதித்தலிலிருந்து 'நொதி' கண்ட தமிழும் அவ்வழியே சென்றது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பீராயின், பாலாற்றைப் பாருங்கள். பண்டைத் தோல் தொழிலில், தோலை மென்மையாக்க நாயின் எச்சமும் பறவை எச்சமும் பயன்பட்டன. இடக்கரடக்கல் கருதி இத்துடன் விடுகிறோம். அவ்வேலையைச் செய்தது என்சைமே என உணர்ந்த ஆட்டோ ரோம், 1908-இல் கணையத்திலிருந்து எடுத்த பொருளை அதற்கு மாற்றாக்கினார். மயிர் நீக்குவதற்கு மட்டும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடுமே நிலைத்தன. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளின் கழிவு கிணறுகளையும் வயல்களையும் கெடுத்த செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. பிழைப்பும் குடிநீரும் ஒரே ஆற்றங்கரையில் மோதிய வழக்கு அது.

1948-இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், என்சைமால் மயிர் நீக்கும் வழிகளை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளது. அங்கும் பால் தட்டு முதற்படி மட்டுமே. பெரிய வளையம் தந்த பாக்டீரியா மயிர்க்காலைத் தளர்த்துவதோடு நில்லாமல், தோலின் உயிர்நாடியான கொலாஜனையும் அரித்துவிடக்கூடும். அவ்வாறாயின் அது பயன்படாது. ஆகவே தட்டில் தேறியதை உண்மைத் தோலின்மீது மீண்டும் சோதிக்கின்றனர். அங்கே பெரும்பாலானவை தோற்றுப்போக, ஆய்வாளர் மறுபடியும் ஒரு சிட்டிகைச் சேற்றைத் தேடிச் செல்கிறார்.