பொறி பெயரும், பண்டசாலை நிற்கும்

இடம் பெயர்வோர் உடைமைகளையும் சுமந்தே செல்ல வேண்டும் என்பது உலக வழக்கு. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் அதனை நன்கறிவோம். ஆயினும், உடைமையை ஓரிடத்தே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் இடம் மாறும் பொறி ஒன்று உண்டு. அதுவே மெய்நிகர் கணினி.

ஒரு கணினியைப் பல கணினிகளாக இயங்கச் செய்யும் முயற்சியை, 1960-களின் நடுவில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தொடங்கினர். 1972-இல் அது 'வி.எம்./370' என்னும் பெயரில் வெளிவந்தது. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் மேசைக் கணினியிலும் இதனை இயலச் செய்தது. இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே, அதன் நினைவகத்தை நகலெடுத்து, ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வழியை அந்நிறுவனமே 2003-இல் அளித்தது.

இங்கே ஓர் இடர் எழுந்தது. கோப்புகள் பழைய சர்வரின் வட்டிலேயே தங்கிவிட்டால், புதிய இடத்தில் பொறி எதைக் கொண்டு இயங்கும்? ஆகவே இரு சர்வர்களும் வலை வழியே எட்டக்கூடிய பொதுச் சேமிப்பகம் தேவையாயிற்று. சன் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். முறையும், 2004-இல் நெறியாக வெளியான ஐ-ஸ்கஸி முறையும் இதற்குத் துணை நின்றன.

முன்பு பெட்டிக்குள் அடங்கியிருந்த வட்டின் போக்குவரத்து, இதனால் பொது வீதிக்கு வந்தது. நெரிசலில் அது தாமதித்தால் பொறி தடுமாறும். மறையாக்கம் இன்றிச் சென்றால் அயலார் படித்துவிடவும் கூடும். தனிக் கம்பிகள் இடுவதோ பெருஞ்செலவு.

இதற்கு விடை முன்னரே பிறந்திருந்தது. 1998-இல் வெளியான 802.1கியூ என்னும் நெறிப்படி, ஒவ்வொரு தரவுப் பொதியிலும் 4 பைட் முத்திரை ஒன்று இடப்படுகிறது. அதில் 12 பிட்டுகள் வலையின் எண்ணைக் குறிக்கும். இவ்வாறு ஒரே கம்பியில் 4094 தனி வலைகள் வரை அமையலாம். இவற்றை 'வி-லான்' என்பர். சர்வரின் உள்ளே மென்பொருளால் அமைந்த மெய்நிகர் ஸ்விட்ச் அம்முத்திரையை இடவும் நீக்கவும் செய்கிறது. வெளியே உள்ள ஸ்விட்சும் அதே எண்ணை ஏற்க வேண்டும். உள்ளே 20 என்றும் வெளியே 30 என்றும் இருப்பின், சேமிப்பகம் பொறியின் கண்ணுக்குப் புலப்படாது.

எனினும் முத்திரை பாதையைப் பிரிக்குமேயன்றிக் கம்பியை அகலமாக்காது, பூட்டும் ஆகாது. ஆதலின் சேமிப்பகத்துக்கு இரு கம்பிகள், இரு ஸ்விட்சுகள் என வழி வைப்பதே அறிவுடைமை. பண்டசாலைக்குச் செல்லும் பாதை அறுந்தால், எங்கும் பெயர வல்ல பொறியும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும் அன்றோ?