திரையில் துள்ளிய பந்து

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் மாணவன் ஒருவன் ஆய்வுக்கூடத்து வாசலில் முகம் வாடி நின்றுகொண்டிருந்தான். விடுமுறை நாள்களில் வேலை செய்து சேர்த்த பணத்தில், விளையாடுவதற்கென்றே ஒரு கணிப்பொறியைப் பகுதி பகுதியாக வாங்கித் தானே பூட்டியிருக்கிறான்.

"பூட்டுவதற்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் ஆனது, சார். ஆனால் பத்து நாளாகத் திரையில் ஒன்றுமே வரவில்லை. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை. நான் எதையோ கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது" என்றான்.

அவனுக்கு உடனே விடை சொல்லவில்லை. 1958-ஆம் ஆண்டில், ஆட்டத்துக்காகவே ஒரு கணிப்பொறியை இணைத்த ஓர் இயற்பியலாரின் வரலாற்றைச் சொன்னேன். அதையே வாசகர்களுக்கும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பார்வையாளர் நாள்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் உள்ளது. அணு இயற்பியல் ஆராய்ச்சிக்காக 1947-இல் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் சில நாள்கள் பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்கலாம். சுற்று வட்டாரத்து மக்களுக்கு அணு ஆய்வுக்கூடம் என்றால் உள்ளூர ஓர் அச்சம் இருந்த காலம் அது. ஆனால் வந்தவர்கள் கண்டதெல்லாம் சுவரில் மாட்டிய படங்களும், அசையாமல் நிற்கும் கருவிகளும்தாம்.

அங்கே கருவியியல் பிரிவின் தலைவராக இருந்தவர் வில்லியம் ஹிகின்பாதம் (1910–1994). பார்வையாளர்கள் கையால் தொட்டு விளையாடக் கூடிய ஒன்றை வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அப்படிச் செய்தால் இடமும் களைகட்டும். அறிவியல் தங்கள் வாழ்க்கைக்கும் தொடர்புடையதே என்று மக்களும் உணர்வார்கள்.

அவருடைய பிரிவில் டோனர் மாடல் 30 என்னும் சிறிய ஒப்புமைக் கணிப்பொறி ஒன்று இருந்தது. எறிகணையின் பாதை, துள்ளும் பந்தின் பாதை ஆகியவற்றை அதில் எவ்வாறு வரைவது என்று அதன் கையேட்டிலேயே விளக்கியிருந்தார்கள். துள்ளும் பந்தைப் படித்ததும் அவருக்கு டென்னிஸ் நினைவுக்கு வந்தது.

கணிப்பொறியில் ஆடிய முதல் ஆட்டம் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. 1951-இல் இங்கிலாந்தில் ஃபெராண்டி நிறுவனம் 'நிம்' என்னும் ஆட்டத்தை ஆடும் நிம்ராட் என்ற இயந்திரத்தைக் கண்காட்சியில் வைத்தது. 1952-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ், எட்சாக் கணிப்பொறியில் கட்டங்களில் வட்டமும் பெருக்கல் குறியும் இடும் ஆட்டத்தை அமைத்தார். நிம்ராட் கணிப்பொறியின் ஆற்றலை மக்களுக்குக் காட்ட எழுந்தது. டக்ளஸின் ஆட்டம் ஆராய்ச்சிக்காக எழுந்தது. வந்தவர்கள் மகிழ்ந்து ஆட வேண்டும் என்பதே ஹிகின்பாதத்தின் முதல் நோக்கமாக இருந்தது.

மின்னழுத்தமே உயரம்

இன்றைய கணிப்பொறிகள் ஏறத்தாழ யாவும் எண்களைக் கொண்டு இயங்குபவை. ஒப்புமைக் கணிப்பொறியில் எண்ணே கிடையாது. நாம் அறிய விரும்பும் அளவுக்கு ஒப்பாக ஒரு மின்னழுத்தம் இருக்கும், அவ்வளவுதான். பந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்குத் தக்க வோல்ட்.

இது எவ்வாறு இயலும்? ஒரு தொட்டியில் குழாய் நீர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் ஒரே சீராக விழுந்தால் தொட்டியின் மட்டம் ஒரே சீராக உயரும். அதுவரை விழுந்த நீர் முழுவதையும் தொட்டி கூட்டி வைத்திருக்கிறது. கணிதத்தில் இதற்குத் தொகையீடு என்று பெயர். மின்சுற்றில் இந்த வேலையைச் செய்வது மின்தேக்கி. அதனுடன் ஒரு பெருக்கியை இணைத்துவிட்டால், உள்ளே வரும் மின்னழுத்தத்தைத் தொகையிட்டு வெளியே தரும் சுற்று கிடைத்துவிடும்.

புவியீர்ப்பு முடுக்கம் மாறாதது. ஆகவே அதற்கு ஒரு மாறாத மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். அதை ஒருமுறை தொகையிட்டால் வேகம். மறுபடியும் தொகையிட்டால் உயரம். அந்த உயர மின்னழுத்தத்தை அலைவுகாட்டியின் செங்குத்துத் தகடுகளுக்கும், கிடைமட்ட நகர்வைக் குறிக்கும் மின்னழுத்தத்தை மற்றத் தகடுகளுக்கும் கொடுத்தால், திரையில் ஓர் ஒளிப்புள்ளி வளைகோட்டில் பறந்து விழும். பள்ளியில் நாம் படித்த எறிபொருளின் பாதையேதான்!

உயர மின்னழுத்தம் சுழியைத் தொட்டால் பந்து தரையைத் தொட்டதாகப் பொருள். அந்தக் கணத்தில் ஒரு ரிலே 'டக்' என்று மாறி, செங்குத்து வேகத்தின் திசையைத் திருப்பிவிடும், பந்து துள்ளும். காற்றின் தடைக்கும் சுற்றில் இடமளித்திருந்தார்கள். வலையில் பட்டால் பந்து திரும்பி விழும்.

ஒரே எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு தரை, வலை, பந்து ஆகிய மூன்றையும் எவ்வாறு காட்டுவது? அப்போது புதிதாக வந்திருந்த டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, மூன்று படங்களையும் கண்ணுக்குத் தெரியாத விரைவில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நம் கண் மூன்றையும் ஒன்றாகவே கண்டது. ஹிகின்பாதத்தின் வேலையில் நயமான பகுதி இந்த அமைப்பு.

வரைய இரண்டு மணி, ஓட வைக்க வாரக்கணக்கு

இந்தச் சுற்றின் திட்டத்தை வரைய அவருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் ஆனது. அவர் புதியவர் அல்லர். போர்க்காலத்தில் ராடார் திரைகளில் பணியாற்றியவர். ஆனால் ராபர்ட் டிவோராக் என்ற தொழில்நுட்பப் பணியாளருடன் சேர்ந்து அதைக் கட்டி, பிழைகளைக் களைந்து, ஓட வைக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆயின. கைதேர்ந்தவர் கையிலேயே மணிக்கணக்கு வாரக்கணக்கானது. அவர் இதைத் தோல்வியாகச் சொல்லவில்லை; இயல்பாகவே சொன்னார்.

கணிப்பொறியின் பிழையை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்பார்கள். இந்தச் சொல் கணிப்பொறிக்கு முந்தியது; எடிசன் 1878-லேயே தம் கருவிகளின் கோளாறுகளை இப்படிக் குறிப்பிட்டிருக்கிறார். 1947 செப்டம்பரில் ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் உண்மையாகவே ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, மெய்யான பூச்சி கிடைத்த முதல் நிகழ்ச்சி என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்கள்.

எந்த வகைப் பிழைகள் வரும் என்பதை அறிய, எங்கள் ஆய்வுக்கூடத்தில் இறுதியாண்டு மாணவர்கள் மூவருடன் துள்ளும் பந்தை மட்டும் கட்டிப் பார்த்தோம். சிறிய 741 பெருக்கிச் சில்லுகளும் பழைய அலைவுகாட்டி ஒன்றும் போதுமானவையாக இருந்தன. ஒரு பிற்பகலில் சுற்றை வரைந்துவிட்டோம். பந்து துள்ளப் பன்னிரண்டு பிற்பகல்கள் ஆயின.

முதல் நாள் பந்து கீழே விழாமல் வானத்தை நோக்கிப் போயிற்று. மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இத்தகைய தொகையீட்டுச் சுற்று ஒவ்வொன்றும் குறியை மாற்றிவிடும்: நேர்க்குறி எதிர்க்குறியாகும். அதை ஓரிடத்தில் கணக்கிடத் தவறியிருந்தோம். அடுத்த கோளாறு, புவியீர்ப்பு மின்னழுத்தத்தை நீக்கிய பிறகும் புள்ளி மெல்ல நகர்ந்தது. பெருக்கியில் எப்போதும் மில்லிவோல்ட் அளவில் ஒரு சிறு பிழை இருக்கும். தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகுவது போலத் தொகையீட்டுச் சுற்று அதையும் கூட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் மின்தேக்கியை வெறுமையாக்கியதும் அது அடங்கியது. மூன்றாவதாகப் படம் நடுங்கியது. இதற்கு நான்கு நாள்கள் தேடினோம். எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவான தரைக்கம்பி ஒன்று சரியாகப் பற்றவைக்கப்படவில்லை.

மேலே போன பந்தைக் கண்ட பிறகு அந்த மூவரும் குறிமாற்றத்தை மறக்கவில்லை. நான் கரும்பலகையில் அதை ஆண்டுதோறும் எழுதியிருக்கிறேன், ஆண்டுதோறும் மறந்திருக்கிறார்கள்.

வரிசையில் நின்ற மக்கள்

1958 அக்டோபர் 18 அன்று ஆட்டம் பார்வைக்கு வந்தது. அலைவுகாட்டியின் திரை சுமார் 5 அங்குலம்தான். ஒவ்வோர் ஆட்டக்காரர் கையிலும் ஓர் அலுமினியப் பெட்டி. அதில் ஒரு குமிழும் ஒரு பொத்தானும். குமிழைத் திருப்பினால் பந்து செல்லும் கோணம் மாறும்; பொத்தானை அழுத்தினால் அடி. மதிப்பெண் கிடையாது. ரிலேக்கள் எழுப்பிய 'டக் டக்' ஓசையே பந்தடிக்கும் ஓசை. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று ஆடினார்கள்.

மறு ஆண்டு பெரிய திரை வைத்தார்கள். நிலவிலும் வியாழனிலும் டென்னிஸ் ஆடினால் எப்படியிருக்கும் என்றும் காட்டினார்கள். நிலவின் ஈர்ப்பு புவியினுடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. வியாழனுடையது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஈர்ப்பைக் குறிக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால் போதும், கோளே மாறிவிடும்!

பிறகு இயந்திரத்தைக் கழற்றி, உறுப்புகளை வேறு பணிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் புதுமை எதுவும் இருப்பதாக அவர் கருதாததால் காப்புரிமையும் கோரவில்லை. 1972-இல் தொலைக்காட்சித் திரையில் ஆடும் ஒடிசியும், காசு போட்டு ஆடும் பாங் இயந்திரமும் விற்பனைக்கு வந்து ஒரு தொழிலையே தோற்றுவித்தபோது, இவரை அநேகமாக எவரும் அறிந்திருக்கவில்லை. 1958-இல் பள்ளி மாணவராக வந்து அதை ஆடிய டேவிட் ஆல் என்பவர், பிற்காலத்தில் ஒரு கணிப்பொறி இதழை நடத்தினார். அவர் 1982-இல் எழுதிய பிறகே பலர் அறிந்தார்கள். 1997-இல் ஆய்வுக்கூடத்தின் பொன்விழாவுக்காக அதை மறுபடி கட்ட முயன்றபோது, பழைய உறுப்புகள் கிடைப்பதே அரிதாக இருந்தது.

ஹிகின்பாதத்தின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1943 முதல் அவர் லாஸ் அலமாஸில் மின்னணுவியல் குழுவில் இருந்தார். பிறகு அதன் தலைவரானார். அணுகுண்டுக்கான நேரக்கட்டுப்பாட்டு மின்சுற்றுகளில் அவருடைய கைவேலை இருந்தது. போருக்குப் பின் அணு ஆயுதப் பரவலைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டு, அமெரிக்க அறிவியலார் கூட்டமைப்பின் முதல் தலைவராக இருந்தார். ஆட்டத்துக்காக அல்ல, அந்தப் பணிக்காகவே தாம் நினைக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பியதாக அவருடைய மகன் கூறியிருக்கிறார். குண்டுக்கும் பந்துக்கும் அவர் பயன்படுத்தியது ஒரே மின்னணுவியல்தான். அதனால் என்ன செய்வது என்பதை அவர்தாம் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

மாணவனின் கணிப்பொறி

இதைக் கேட்ட பின் எங்கள் மாணவன், "அப்படியானால் பத்து நாள் பெரிய தாமதம் இல்லையா, சார்?" என்றான். "இல்லை தம்பி. ஆனால் பத்து நாளும் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

நினைவகத்தை மாற்றினான், அதே வேளையில் கம்பிகளையும் மாற்றினான். நண்பன் சொன்னான் என்று பவர் சப்ளையையும் மாற்றினான். எதையும் எழுதி வைக்கவில்லை. ஆகவே எது சரி, எது தவறு என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் விளைவையும் குறிக்க வேண்டும். சங்கிலி நீளமாக இருந்தால் நடுவில் சோதித்து, கோளாறு எந்தப் பாதியில் உள்ளது என்று முதலில் அறிய வேண்டும். பெட்டியைத் தொடுமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அன்று மாலை அவன் வீட்டிலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவந்தான். திரையிலிருந்து பின்னோக்கித் தொடங்கினோம். திரையை வேறு கணிப்பொறியில் இணைத்தோம், நன்றாக இருந்தது. அடுத்தது கம்பி, அதுவும் சரி. கம்பியின் மறுமுனை எங்கே செருகியிருக்கிறது என்று பார்த்தோம். மதர்போர்டின் வாயில் செருகியிருந்தான். அவன் வாங்கிய செயலகச் சில்லு, படம் காட்டும் பகுதி தன்னுள் இல்லாத வகை. படம் வருவது தனியாகப் பூட்டிய கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான். கம்பியை எடுத்து நான்கு விரற்கடை கீழே அந்தக் கார்டின் வாயில் செருகச் சொன்னேன்.

திரை ஒளிர்ந்தது. எந்த உறுப்பும் கெடவில்லை. அவனும் எதையும் கெடுக்கவில்லை. மகிழ்ச்சியுடன் பெட்டியை மூடப்போனவன், சற்றே நின்று, பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தான். பத்து நாள்களில் தான் செய்தவற்றை நினைவுக்கு வந்த வரிசையில் எழுதத் தொடங்கினான்.