கூனா குற்றம்?

பக்கத்து விருத்தாசலத்திலே களிமண்ணைப் பிசைஞ்சு பீங்கான் பொம்மை செய்யறாங்க. கம்பராமாயணத்திலே சின்ன ராமன் மண்ணை உருண்டையா உருட்டி, வில்லிலே வச்சுக் கூனி முதுகிலே அடிச்சான். கூனி அதை மறக்கலே. ராமன் காட்டுக்குப் போனான்! கோளாறு கூன் முதுகிலேயா? அடிச்ச கையிலேயா?

விக்டர் ஹியூகோ 1831-இல் நாவலாக எழுதிய கூனன் கதையை, 1996-இல் டிஸ்னி கார்ட்டூன் படமாக்கியது. கூனன்தான் கதாநாயகன்; கை தட்டலாம். ஆனா கதாநாயகி கை யாருக்கு? அழகான படைத்தலைவனுக்கு! கூனனே சேர்த்து வைக்கிறான். தியாகி ஆகலாம், மாப்பிள்ளை ஆகக்கூடாதா?

ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. தாய்மார்களே! படம் பார்த்துக் குழந்தை சிரிச்சா, எதுக்குச் சிரிக்குதுன்னு கேளுங்க. அந்த மண் உருண்டை நம்ம வீட்டிலேயே உருளக்கூடாது!