தவணை தவறிய உடல்கள்

செத்தபின் உடலை உறைகுளிரில் வைத்து, மீண்டு வரக் காத்திருப்பவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் உடனே 'இது விஞ்ஞானமா, மூடநம்பிக்கையா' என்று சண்டைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறையில்லை. அந்த உடலுக்கு யார் காசு கட்டுகிறார்கள்? அதுதான் என் கேள்வி.

1967 ஜனவரி 12-ல் இறந்த உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட்தான் இப்படி உறையவைக்கப்பட்ட முதல் ஆள். அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவரான ராபர்ட் நெல்சன், டிவி ரிப்பேர்க்காரர். பிறகு வந்த உடல்களைக் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்லறைத் தோட்டத்து நிலவறையில் வைத்தார். செலவை உறவினர்கள் தருவதாகப் பேச்சு. துக்கம் ஆறியது, பணமும் நின்றது. திரவ நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும்; ஊற்றிக்கொண்டே இருக்கணும். ஒன்பது உடல்கள் உருகி அழுகின. நெல்சன் மூச்சுவிடவில்லை. 1979-ல் விஷயம் வெளியே வந்தது. 1981-ல் வழக்கில் தோற்றார். பெட்ஃபோர்டைக் குடும்பமே தன் பொறுப்பில் வேறிடங்களில் காத்தது. அவர் தப்பினார்.

இதற்குப்பின் உறவை யாரும் நம்பவில்லை. முழுத்தொகையும் முன்கூட்டியே உறுதியாக வேண்டும். அரிசோனாவின் அல்கோரில் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். ராபர்ட் எட்டிங்கரும் தோழர்களும் 1976-ல் மிச்சிகனில் தொடங்கிய நிறுவனத்தில் 28,000-லிருந்து. கையில் ரொக்கம் இல்லாதவர் ஆயுள் காப்பீடு எடுத்து நிறுவனத்தை வாரிசாக எழுதிவைக்கிறார். தொகையின் ஒரு பகுதி முதலீடாகிறது. அதன் வருமானத்தில் நைட்ரஜன். வட்டியில் பிழைக்கும் பிணம்!

சட்டத்தின் விசித்திரம் இன்னொன்று. மூளையில் கட்டி வந்த கணிதவியலாளர் தாமஸ் டொனால்ட்சன், மூளை அழியுமுன்பே தன்னை உறையவைக்க அனுமதி கேட்டார். 1992-ல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. ஆக, முதலில் சாக வேண்டும். செத்தவருக்கோ சொத்துரிமை கிடையாது. திரும்பி வருவேன் என்று நம்புகிறவர் தன்னுடலை ஆராய்ச்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்கிறார். பணத்தை அறக்கட்டளையில் பூட்டுகிறார். செத்தவர் கை சொத்தை என்றென்றும் பிடித்திருக்கக் கூடாதென்று ஆங்கிலச் சட்டமரபு பழைய விதியொன்றை வைத்திருந்தது. அமெரிக்க மாநிலங்கள் பல அதைத் தளர்த்தின, சில நீக்கியே விட்டன. பிணங்களுக்காக அல்ல, பரம்பரைப் பணக்காரர்களின் சொத்து தலைமுறை தலைமுறையாக வரிக்குத் தப்புவதற்காக. அந்த வாசல் வழியாகத்தான் உறைந்தவர்களும் நுழைகிறார்கள்.

2016-ல் லண்டனில் புற்றுநோயில் சாகக்கிடந்த 14 வயதுச் சிறுமி இதையே கேட்டாள். அப்பா தயங்கினார். மைனர் என்பதால் அவள் உயில் எழுத முடியாது. உயர்நீதிமன்றம் முடிவை அம்மாவிடம் ஒப்படைத்தது. விஞ்ஞானம் சரியா தப்பா என்று தான் தீர்ப்புச் சொல்லவில்லை என்றார் நீதிபதி. பணம், தாத்தா பாட்டி திரட்டியது.