காற்றின் முதல் வேலை

நுரை மிதப்பு முறைக்குப் பள்ளியில் சொல்லித்தரப்படும் விளக்கம் எளிமையானது. தாதுத் தூளை எண்ணெய் பற்றிக்கொள்ளும், கல்லையும் மண்ணையும் நீர் பற்றிக்கொள்ளும். காற்றை ஊதினால் தாது நுரையோடு மேலே வந்துவிடும். இதில் காற்று வெறும் சுமைதூக்கி. சல்பைடு தாதுக்களைப் பொறுத்தவரை இது பாதிக் கதைதான். சுமப்பதற்கு முன்பே காற்று ஒரு வேலையை முடித்துவிடுகிறது. அது நடக்காவிட்டால் சேகரிப்பான் என்ற வேதிப்பொருள் தாதுவின்மேல் சரியாக ஒட்டாது. இதைக் கண்டுகொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. தொடக்க காலத்தில் எண்ணெயே நன்றாக வேலை செய்துவிட்டதுதான் அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1883-இல் கண்டறியப்பட்ட புரோக்கன் ஹில் படிவத்தில் ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும் சல்பைடுகளாகப் பின்னிக் கிடந்தன. ஈயத் தாதுவான கலீனா நீரைவிட ஏழரை மடங்கு கனமானது. அலசினால் தானே அடியில் தங்கிவிடும். துத்தநாகத் தாதுவான ஸ்ஃபேலரைட்டின் கனமோ நான்கு மடங்குதான். கூடவே கிடந்த கார்னெட், ரோடோனைட் கற்களும் கிட்டத்தட்ட அதே கனம். நெல்லும் பதரும் ஒரே எடையாக இருந்தால் எந்த முறமும் பிரித்துத் தராது. இப்படித்தான் லட்சக்கணக்கான டன் துத்தநாகம் கழிவுக் குன்றுகளில் போய்ச் சேர்ந்தது. 1902 வாக்கில் பாட்டரும் டெல்ப்ராட்டும் சூடான அமிலக் கரைசலில் எழும் வாயுக் குமிழ்களைக் கொண்டு அதை மிதக்கவிட்டார்கள். 1905-இல் லண்டனில் சல்மன், பிக்கார்ட், பல்லாட் ஆகிய மூவரும் எண்ணெயைத் தாதுவின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே குறைத்து, குழம்பைக் காற்றோடு வேகமாகக் கலக்கினார்கள். 1912-இல் ஜேம்ஸ் லிஸ்டர் யூகலிப்டஸ் எண்ணெயைக் கொண்டு கலீனாவை மட்டும் முதலில் மிதக்கவைத்தார். அதையடுத்து, மயில்துத்தம் என்ற செப்பு சல்பேட்டைச் சேர்த்தால் ஸ்ஃபேலரைட்டும் மேலே வரும் என்று லெஸ்லி பிராட்போர்டு காட்டினார். எண்ணெய்ப் பிசுக்குதான் எல்லாம் என்றால், மயில்துத்தத்துக்கு அங்கே என்ன வேலை?

1925-இல் கார்னீலியஸ் கெல்லர் காப்புரிமை பெற்ற சாந்தேட் என்ற சேகரிப்பான் வந்ததும் எண்ணெய்க் கதை இன்னும் ஆட்டம் கண்டது. 1822-இல் டென்மார்க்கின் சைசே கண்டுபிடித்த இந்தப் பொருள் எண்ணெயே அல்ல. நீரில் கரையும் உப்பு. டன்னுக்குச் சில பத்து கிராம் போதும். அதன் மூலக்கூறின் ஒரு முனையில் உலோகத்தைப் பிடிக்கும் கந்தகம், மறுமுனையில் நீரை ஒதுக்கும் ஹைட்ரோகார்பன் வால். 1930-களில் மெல்பர்னில் இயன் வார்க்கும் ஆல்வின் காக்ஸும் மெருகேற்றிய தாதுவை நீருக்குள் வைத்து, அதன்மேல் ஒரு குமிழை அழுத்தி, தொடும் கோணத்தை அளந்தார்கள். எத்தில் சாந்தேட் என்றால் எந்தச் சல்பைடானாலும் 60 பாகை. வால் நீண்ட பியூட்டைல் என்றால் 74. குமிழ் தொட்டது தாதுவை அல்ல, தாது போர்த்தியிருந்த வால்களை.

போர்வை எப்படி ஏறியது என்பதில்தான் சண்டை. அது சாதாரண வேதிவினை, கரையாத உலோக சாந்தேட் படிகிறது என்றார் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டாகார்ட். கலீனாவின்மேல் ஈய சாந்தேட் உண்டாவது உண்மை. அவர் பக்கம் வலுவான நியாயம் இருந்தது. ஆனால் இரும்பு சல்பைடான பைரைட் மிதப்பதற்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. 1953-இல் சாலமியும் நிக்ஸனும் முன்வைத்த மின்வேதியியல் விளக்கம் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. சாந்தேட் ஓர் எலக்ட்ரானைத் தாதுவுக்குக் கொடுக்கிறது. தாது மின்சாரத்தைக் கடத்துவதால் அதே துகளின் வேறோர் இடத்தில் கரைந்த ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. பைரைட்டின்மேல் இரண்டிரண்டு சாந்தேட்கள் இணைந்து டைசாந்தோஜன் என்ற எண்ணெயாகின்றன. அதாவது, பழைய ஆலைகள் வெளியிலிருந்து ஊற்றிய எண்ணெயைக் காற்றே இங்கு தாதுவின்மேல் உருவாக்குகிறது. மயில்துத்தத்தின் வேலையும் தெளிவானது. துத்தநாக சாந்தேட் எளிதில் கரையும், ஸ்ஃபேலரைட் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. செப்பு அயனி துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்து மேற்பரப்பையே செப்பு சல்பைடாக்கிவிடுகிறது.

எலக்ட்ரானைப் பற்றி ஒன்றும் தெரியாமலே பிராட்போர்டு வென்றாரே, பிறகு இந்த விளக்கத்தால் ஆலைக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, கைப்பழக்கம்தான் இந்தத் தொழிலை வளர்த்தது. ஆனால் அது எட்டாத இடங்களும் உண்டு. இரும்புக் குண்டுகள் உருளும் அரவை இயந்திரத்திலிருந்து வரும் குழம்பில் ஆக்சிஜனை இரும்பே தின்றுவிட்டிருக்கும். அதில் சாந்தேட் எவ்வளவு கொட்டினாலும் தாது சோம்பிக் கிடக்கும். கூடுதல் சாந்தேட் அதற்கு மருந்தல்ல. அதனால் சில ஆலைகளில் சாந்தேட் இடுவதற்கு முன்பே தனித் தொட்டியில் குழம்புக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள். அந்தத் தொட்டியில் எழும் குமிழ்கள் எந்தத் தாதுவையும் சுமப்பதில்லை.