கம்மஞ்சோறு போன வழி

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மனும் 1799ஆம் வருஷமும் நினைவுக்கு வரும். 1801இல் கோட்டை தரைமட்டமானதோடு அந்த ஊரின் சரித்திரத்தைப் பாடப் புத்தகம் முடித்துவிடும். அதற்குப் பிறகும் அந்தக் கரிசல் மண்ணில் ஜனங்கள் உழுதார்கள், விதைத்தார்கள், உண்டார்கள். அவர்களுடைய சோற்றுப்பானை எப்படி மாறியது என்பதும் சரித்திரம்தான். “எம்புள்ள கஞ்சிய ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்கான், பரோட்டான்னா உசுர விடுதான்” என்று கோவில்பட்டிப் பக்கம் தாய்மார்கள் அலுத்துக்கொள்வதற்கான விடை அதில்தான் கிடக்கிறது.

ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரம் மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பு. பருத்தி காசுக்கு, கம்பு, சோளம், குதிரைவாலி வயிற்றுக்கு. பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது. சோளத்தட்டை மாட்டுக்குப் போனது. நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்கு. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனை வாசித்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கமான விஷயம்.

கம்மஞ்சோறு லேசில் தட்டுக்கு வராது. கம்மம்புல்லில் தண்ணீர் தெளித்து, உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, பிறகு காய்ச்ச வேண்டும். பெண்களின் நாளில் பெரும்பங்கை உரல் எடுத்துக்கொண்டது. ராத்திரி ஆக்கியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, காலையில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயமோ மிதுக்க வத்தலோ கடித்துக்கொண்டு குடித்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளும் புஞ்சையில் பெற்றவர்களோடு உட்கார்ந்து அதே கஞ்சியைத்தான் குடித்தார்கள். ‘என் பிள்ளைக்குப் பிடிக்காது’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அதைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் கூடாது. மழை பொய்த்த வருஷங்களில் அந்தக் கஞ்சிக்கும் வழியில்லை.

அந்த நாளை மாற்றியது தீப்பெட்டி. 1920களில் சிவகாசியில் காலூன்றிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மழையில்லாத ஊருக்கு அது பிழைப்பு. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ பஸ் விடியுமுன்பே கிராமத்துக்கு வந்து பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப் போகும். கூலி எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை கட்டை அடுக்கினாயோ, எத்தனை குரோஸ் ஒட்டினாயோ அவ்வளவு. உரலடியில் செலவழித்த இரண்டு மணி நேரத்துக்கு முதல்தடவையாக ஒரு விலை வந்துவிட்டது. எந்தத் தாய் கம்பு குத்துவாள்?

குத்த வேண்டாத தானியம் அதே சமயத்தில் ரேஷன் கடையில் வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் விலையில்லா அரிசி. பசியைத் தீர்த்த திட்டம் அது, குறை சொல்ல முடியாது. ஆனால் பெருநாள் சோறு அன்றாடச் சோறானபோது கம்பு ஏழ்மையின் அடையாளமாகிவிட்டது. “நாங்கதான் கஞ்சியக் குடிச்சுச் சீரழிஞ்சோம், எம்புள்ளயாவது நெல்லுச்சோறு திங்கட்டும்” என்றது பாசம்தான். கஞ்சியை முதலில் வெறுத்தது பிள்ளைகள் இல்லை, பெற்றவர்கள்.

இது நம் ஊர் விசேஷமும் அல்ல. சர்க்கரையின் வரலாற்றை எழுதிய மானுடவியலாளர் சிட்னி மின்ட்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் தாய்மார்கள் ஆலைக்குப் போன வீடுகளில் ரொட்டியும் ஜாமும் இனிப்புத் தேநீரும் பிள்ளைகளின் சாப்பாடானதைக் காட்டுகிறார். கஞ்சி காய்ச்ச நேரம் வேண்டும். ஜாம் தடவ நேரம் வேண்டாம்.

வீட்டு அடுப்பு விட்ட இடத்தில் பள்ளிக்கூடம் வந்து நின்றது. 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது இதே கரிசலின் எட்டயபுரத்தில். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1984இல் அது பதினைந்து வயது வரை நீண்டது. 2022இல் வந்த காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது; மதியச் சோறு பத்தாம் வகுப்போடு. ஆக, உடம்பு வளரும் வயதில் காலையும் சாயங்காலமும் வீட்டுப் பொறுப்பு. பதினொன்றாம் வகுப்பிலிருந்து மூன்று வேளையும்.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? தீப்பெட்டி ஆபீசில் பிள்ளையாக இருந்தபோதே கட்டை அடுக்கிய தலைமுறைதான் இன்று அப்பாவும் அம்மாவும் பாட்டியும். 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் குழந்தை உழைப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் பலருக்குப் பால்யம் முடிந்திருந்தது. வெறும் வயிற்றில் டீ, பத்து மணிக்கு ஒரு வடை, ராத்திரி ஒரே பெரிய சாப்பாடு என்பது வேலை கற்றுக்கொடுத்த பழக்கம். வேலை மாறினாலும் அது மாறவில்லை. காலையில் டீயோடு ஓடும் அப்பாவைப் பார்த்து வளரும் பையனுக்குக் காலைச் சாப்பாட்டின் அருமையை எந்தப் பாடம் புரியவைக்கும்? ராத்திரி ஒன்பது மணிக்குப் பரோட்டாப் பொட்டலத்தோடு வருவதும் அப்பாதானே? புஞ்சையில் இப்போது நிற்பது மக்காச்சோளம். அது கோழித் தீவனமாகிறது. கோழி சாயங்காலக் கடையில் எண்ணெயில் பொரிகிறது.

இன்று ‘சிறுதானியம்’ என்ற புதுப்பெயரோடு கம்பு பாக்கெட்டில் திரும்பி வந்திருக்கிறது, ரேஷன் அரிசி வாங்குகிற வீட்டுக்கு எட்டாத விலையில். பிள்ளைக்குக் கம்பின் பெருமையைச் சொல்கிறோம். அந்தக் காலத்துப் பிள்ளை யாரும் பெருமை கேட்டுக் கம்பு தின்னவில்லை. அம்மாவும் அப்பாவும் அதைத் தின்றார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவனும் தின்றான். தட்டில் என்ன என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் தட்டின் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள் என்று கேட்டாக வேண்டும்.