பறவைக் காய்ச்சல் தடுப்பூசியின் விலங்குச் சோதனை

பறவைக் காய்ச்சல் தடுப்பூசியின் விலங்குச் சோதனை என்பது, எச்5என்1 போன்ற தீநுண்மங்களுக்கு (வைரசு) எதிராக மனிதருக்கென உருவாக்கப்படும் தடுப்பூசி உண்மையில் நோயைத் தடுக்கின்றதா என விலங்குகளில் கண்டறியும் முறை ஆகும். 1997இல் ஆங்காங்கில் எச்5என்1 தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தனர். இத்தகைய கொடிய நோயை மனிதரில் வேண்டுமென்றே தொற்றவைத்துச் சோதிக்க இயலாது. மனிதரில் இந்நோய் அரிதாகவே தோன்றுவதால், தடுப்பூசி பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிடவும் வழியில்லை. ஆகவே மனிதரில் பிறபொருளெதிரிகளின் அளவு அளக்கப்படுகிறது. உயிர் காக்குமா என்பது விலங்குகளில் சோதிக்கப்படுகிறது.

பயன்படும் விலங்குகள்

சுண்டெலிகள் மலிவானவை, எச்5என்1இன் பல வகைகள் அவற்றை எளிதில் தொற்றுகின்றன. எனினும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரட் என்னும் சிறுவிலங்கே கூடுதலாக நம்பப்படுகிறது. அதன் மூச்சுக்குழலில் தீநுண்மம் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதருடையவற்றை ஒத்துள்ளன. மனிதரைப் போலவே அதற்குக் காய்ச்சலும் தும்மலும் வரும். 1933இல் வில்சன் சிமித், கிறித்தோபர் ஆண்ட்ரூசு, பாட்ரிக் லெய்ட்லா ஆகிய பிரித்தானிய ஆய்வாளர்கள் மனித இன்ஃபுளுவென்சா தீநுண்மத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது ஃபெரட்டுகளின் துணையோடுதான்.

சோதனை முறை

பராமரிப்போரிடமிருந்து ஃபெரட்டுகளுக்குச் சாதாரணக் காய்ச்சல் தொற்றியிருக்கக்கூடும். ஆதலால் முதலில் அவற்றின் குருதியில் பழைய பிறபொருளெதிரிகள் இல்லை என உறுதிசெய்கின்றனர். பின்னர் ஒரு பிரிவுக்குத் தடுப்பூசியும் மற்றதற்கு வெற்று ஊசியும் இடப்படும். சில வாரங்கள் கழித்து, உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில், இரு பிரிவுக்கும் மூக்கின் வழியே தீநுண்மம் செலுத்தப்படுகிறது. உடல் எடை, வெப்பநிலை, மூக்கிலும் நுரையீரலிலும் உள்ள தீநுண்மத்தின் அளவு, உயிர் பிழைத்தவை எத்தனை என்பன பதியப்படுகின்றன. தடுப்பூசி செய்யப்பட்ட வகையோடு அதனின்று வேறுபட்ட வகையையும் செலுத்திப் பார்ப்பது முக்கியம். அடுத்த கொள்ளைநோய் எவ்வகையால் வரும் என்பதை முன்கூட்டியே அறிய முடியாது.

முடிவுகளின் பொருள்

2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், துணையூக்கி சேர்க்காத எச்5என்1 தடுப்பூசி 90 மைக்ரோகிராம் வீதம் இருமுறை இடப்பட்டும், ஏறத்தாழப் பாதிப் பேரிடமே போதிய பிறபொருளெதிரிகள் தோன்றின. வழக்கமான பருவக் காய்ச்சல் தடுப்பூசியில் ஒரு வகைக்கு 15 மைக்ரோகிராம் போதும். ஆனால் ஃபெரட்டுகளிலோ, பிறபொருளெதிரிகள் மிகக் குறைவாக இருந்தபோதும் அவை பிழைத்த நிகழ்வுகள் உண்டு. எனவே குருதிச் சோதனையை மட்டும் வைத்துத் தடுப்பூசியைத் தள்ளிவிடுவதற்கில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சோதனைக்கூட ஃபெரட் இன்ஃபுளுவென்சாவையே அறியாதது. வளர்ந்த மனிதரோ பலமுறை அதனால் தொற்றுண்டவர். அப்பழைய எதிர்ப்பாற்றல் புதிய தடுப்பூசியின் விளைவை மாற்றக்கூடும். மேலும், பிழைத்த விலங்கின் மூக்கிலும் தீநுண்மம் பெருகலாம். அதாவது, உயிரைக் காக்கும் தடுப்பூசி பரவலையும் தடுக்கும் என்று கொள்ள முடியாது.

2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பரவியது. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எம்ஆர்என்ஏ தடுப்பூசி பெற்ற ஃபெரட்டுகள் எச்5என்1 தொற்றிலிருந்து பிழைத்தன, பெறாதவை இறந்தன.